வாசலில் தொங்கும் பைகள்

டிசம்பர் 4

இடது காலில் மாவுக்கட்டு. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டன. ஜனவரி கடைசிவரை காலைத் தரையில் வைக்கக் கூடாதாம். பெரியாஸ்பத்திரி டாக்டர் "எப்படிம்மா விழுந்த?" என்று கேட்டார். சேறு என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். இங்கேயும் அதையே எழுதி வைக்கிறேன். பெரிய தெருவில் சேறு, ஸ்கூட்டி வழுக்கியது, விழுந்தேன்.

இது பால் சொசைட்டியில் அம்மாவுக்குக் கொடுத்த டைரி. எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. படுத்தே கிடந்தால் வேறு என்ன செய்வது? பனையேந்தல் கிளை அஞ்சலகத்தில் தபால் கொடுக்கிற வேலை எனக்கு. இரண்டு வருஷமாக இந்த ஊரின் எல்லா வாசலுக்கும் போய் வந்த கால், தலையணைமேல் வெள்ளைத் தூணாகக் கிடக்கிறது. என்னுடையது என்றே தோன்றவில்லை.

எங்கள் வேலையில் லீவு எடுத்தால் நாமே ஒரு பதில் ஆளை வைத்துவிட்டுப் போக வேண்டும். "நீ ஒண்ணும் கவலப்படாதம்மா அறிவு, ஆளுக்கு நான் பொறுப்பு" என்று போஸ்ட்மாஸ்டர் தணிகாசலம் சார் ஆஸ்பத்திரிக்கே போன் செய்தார். அன்று சாயங்காலமே தன் அண்ணன் மகன் லோகுவை வைத்துவிட்டார். எங்கள் தபால் ஆபீசில் எதுவும் இவ்வளவு வேகமாக நடந்ததில்லை.

டிசம்பர் 6

மாத்திரை. தூக்கம். கண் விழித்தபோது ஏரி ஜன்னல்வரை வந்திருந்தது. மறுபடி பார்த்தால் பனி.

டிசம்பர் 9

கனவுகளை எழுதி வைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. வேலை இல்லாதவர்கள். இப்போது நானும் வேலை இல்லாதவள். எழுதுகிறேன்.

பெரிய தெருவில் போய்க்கொண்டிருக்கிறேன். கால் தரையில் படவில்லை. தெரு நிறையப் பனி, ஏரித் தண்ணீர் மாதிரி மெதுவாக அசைகிறது. வீடுகளைக் காணவில்லை. கேட்டுகளில் மாட்டிய பைகள் மட்டும் தெரிகின்றன, வரிசையாக, மஞ்சளாக. ஒவ்வொன்றும் மூச்சு விடுகிறது. உப்புகிறது, சுருங்குகிறது. ஒரு பைக்குள் கையை விடுகிறேன். உள்ளே வெதுவெதுப்பு. கை முழங்கைவரை போகிறது, தோள்வரை போகிறது, அடி தட்டவே இல்லை. பயமாக இல்லை. இன்னும் கொஞ்சம் போகலாம் என்றிருக்கிறது.

பைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் பெரிய தெருக்காரர். தபாலை வீட்டுக்குள் கொண்டுபோய் ஊஞ்சல்மேல் வைப்பார், மோர் குடித்துவிட்டு வருவார். பிறகு பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்து எனக்கு வேலை வந்தது. காலனியிலிருந்து அந்த வேலைக்கு வந்த முதல் ஆள் நான். முதல் நாள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாம் நாள் காலையில் தெரு முழுக்க ஒவ்வொரு கேட்டிலும் ஒரு மஞ்சள் பை தொங்கியது. கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுப்பார்களே, அந்தப் பை. தபாலை அதில் போட்டுவிட்டு நான் நகர்ந்துவிட வேண்டும். அதை எடுக்கிற வேலை அந்தந்த வீட்டு மருமகளுக்கு. எடுத்த பிறகு அவள் குளிக்க வேண்டும். யார் வீட்டில் யார் மட்டம் என்பதை அந்தத் தெரு ஒரே நாளில் எனக்குக் காட்டிவிட்டது.

ரிஜிஸ்டர் தபாலுக்கு என் போனில் விரலால் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் போனை யார் தொடுவது? அதனால் பெரிய தெரு ரிஜிஸ்டர்கள் என் கைக்கே வராது. தபால் ஆபீஸ் இருப்பது தணிகாசலம் சார் வீட்டு முன்னறையில். அவர்கள் அங்கே வந்து அவரிடமே வாங்கிக்கொள்வார்கள். அந்த முன்னறைக்குள் நான் போனதில்லை. ஜன்னல் வழியாகத் தபால் கட்டை வாங்கி வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்து பிரிப்பேன். "உனக்கும் காத்தோட்டமா இருக்கும்மா" என்பார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம்.

டிசம்பர் 12

ஷர்மிளா போன் செய்தாள். என்னோடு பன்னிரண்டாவது படித்தவள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் போன் பாகங்கள் பொருத்துகிறாள்.

"கால் சரியானதும் கெளம்பி வாடி. பிப்ரவரி பத்தாந்தேதி புது பேட்ச் எடுக்கறாங்க. உன் பேரச் சொல்லி வெச்சிருக்கேன்."

"அங்க எப்படிடி?"

"கழுத்து வலிக்கும், கண்ணு எரியும். ஆனா எந்தத் தெருன்னு ஒருத்தியும் கேக்கமாட்டா. எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே மாஸ்க்கு. கண்ணு மட்டும்தான் தெரியும்."

மத்தியானம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். நீளமான ஒரு கூடம், வெள்ளை வெளிச்சம், ஆயிரம் கண்கள். கண்களுக்குப் பின்னால் ஊர் இல்லை, அப்பன் பெயர் இல்லை. அவை மீன்கள் மாதிரி மெல்ல நீந்துகின்றன. நானும் நீந்துகிறேன்.

போகத்தான் போகிறேன். முடிவு செய்தாயிற்று.

டிசம்பர் 15

அம்மா பெரிய தெருவில் வேலாயுதம் வீட்டு மாட்டுக்கொட்டகையில் வேலை செய்கிறாள். சாணி அள்ளிப் போட்டுவிட்டு மத்தியானம் வந்ததும் முந்தானையை உதறிக்கொண்டே சொன்னாள்.

"பையெல்லாம் எடுத்துட்டாங்கடி."

"எந்தப் பை?"

"தெரியாத மாதிரியே கேளு. லோகு தம்பி கையில குடுக்குதாம், இவங்க கையில வாங்கறாங்களாம். கேட்டெல்லாம் மொட்டையா இருக்குது."

சிரித்தேன். மாவுக்கட்டுக்குள் அரித்தது. துடைப்பக் குச்சியை விட்டுச் சொறிந்தேன். அரிப்பு குச்சி எட்டாத இடத்தில் இருந்தது.

டிசம்பர் 19

லோகு காலனிக்குள் வருவதில்லை. ஏரி மதகுவரை வந்து, வண்டியில் உட்கார்ந்தபடி ஹாரன் அடிக்கிறான். கேட்டவர்கள் ஓடிப்போய் வாங்கிக்கொள்ள வேண்டும். நடவுக்குப் போனவர்களின் தபால் 'ஆள் இல்லை' என்று திரும்பிப் போய்விடுகிறது. பக்கத்து வீட்டு வேளாங்கண்ணி அக்காவின் ஏ.டி.எம். கார்டு அப்படித்தான் போனது. என் கட்டிலருகே வந்து நின்று அவள் என்னைத் திட்டினாள்.

"நீ படுத்துக்கினா ஊரே படுத்துக்கணுமா? எப்பதான்டி எழுந்திருப்ப?"

"வேலைய விடப்போறேன்க்கா."

"விட்டுட்டு?"

"மெட்ராஸ்."

"போ போ. எல்லாரும் போங்க. மதகுலயே பொட்டி வெச்சிக்கிறோம். தபால மீனுங்க படிக்கட்டும்."

டிசம்பர் 20

கனவில் மீன்கள் படித்தன. எழுத்துக்கூட்டி.

டிசம்பர் 24

வெயிலே இல்லாத நாள். பனி விலகிற்றா, விலகவில்லையா என்று தெரியாமலே பொழுது போயிற்று. இப்படிப்பட்ட நாளில்தான் வேலாயுதம் வீட்டுப் பை ஞாபகத்துக்கு வருகிறது.

அம்மா வேலை செய்கிற அதே வீடு. அந்தப் பையில் 'சாருமதி' என்று அச்சடித்திருக்கும். வீட்டு மருமகள். அவளுடைய கல்யாணப் பையையே என் தபாலுக்கு மாட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் பி.இ. என்று இருக்கும். அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது.

நான் சேர்ந்து சில மாதம் ஆகியிருக்கும். பையில் தபாலைப் போடப்போனால் அடியில் ஏற்கெனவே ஒரு கவர் இருந்தது. தொலைநிலைக் கல்வி முகவரி எழுதி ஸ்டாம்பு ஒட்டியிருந்தது. மேலே ஒரு துண்டுச்சீட்டு. 'சேர்த்துவிடவும்.' சேர்த்தேன். பிறகு அவள் பெயருக்குப் புத்தகக் கட்டுகள் வர ஆரம்பித்தன. பி.ஏ. வரலாறு. அவற்றைப் பையில் போட்டேன். அவளுடைய கட்டுரைகள் பையிலிருந்து கிளம்பிப் போயின. கூடவே எனக்கும் ஏதாவது கிடக்கும். ஒருநாள் கடலை மிட்டாய். ஒருநாள் ஒரு முழம் கனகாம்பரம். ஒருநாள் பென்சிலால், 'மழை வருது, பாத்துப் போங்க.'

வீட்டில் யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? அந்தப் பைக்குள் கைவிட மாமனாருக்கு அருவருப்பு, மாமியாருக்கு அருவருப்பு, பி.இ.க்கும் அருவருப்பு. நான் தொட்ட பை அல்லவா? அவள் பீரோவைத் திறந்து பார்ப்பார்கள், மெத்தையைத் தூக்கிப் பார்ப்பார்கள், போனை நோண்டுவார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பையை மட்டும் தொடமாட்டார்கள். அந்த மாடிவீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அந்தத் தேங்காய்ப் பை. எவ்வளவு கெட்டிக்காரர்கள்!

அவளோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பாதி முகம் பார்த்திருக்கிறேன். அவள் எனக்கு யாரும் இல்லை. அந்தக் கனகாம்பரத்தைக்கூட நான் வைத்துக்கொள்ளவில்லை. ஸ்கூட்டிக் கண்ணாடியில் சுற்றிவிட்டேன். வாடி உதிரும்வரை அது அங்கேயே இருந்தது.

ஜனவரி 2

அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள். சோறு போட்டு எனக்குக் கொடுத்துவிட்டு, தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"லோகு தம்பி ஒரு புஸ்தகக் கட்ட மாமனாரு கையில குடுத்துடுச்சிடி. சின்னம்மா பேரு போட்டு."

"குடுத்து?"

"அவரு பிரிச்சாரு. எடுத்தாந்து வெந்நீர் அடுப்புல வெச்சிட்டாரு. நான்தான் அடுப்பாண்ட இருந்தேன். தள்ளுன்னாரு, தள்ளினேன்."

"அவ?"

"கதவாண்ட நின்னுச்சி. அழல. அப்புறமா கொட்டாய் பக்கம் வந்து, 'உங்க பொண்ணு எப்ப வேலைக்கு வரும்'னு கேட்டுச்சி."

"அவள எதுக்குச் சின்னம்மான்ற? என்னவிட ரெண்டு வயசு சின்னவ."

"வாய் பழகிடுச்சி. விடு."

"என் கால் எப்படி இருக்குன்னு கேட்டாளா?"

அம்மா யோசித்தாள். "கேக்கல."

கேட்காவிட்டால் போகட்டும். எனக்கென்ன? கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. நான் திரும்பி வந்தால் பை திரும்பி வரும். பை வந்தால் அவள் படிப்பாள். அவள் பட்டதாரி ஆவதற்காக நான் தினமும் அந்தத் தெருவில் தீட்டாக வண்டி ஓட்ட வேண்டும். என் அவமானத்தில் அவளுக்கு ஒரு புத்தக அலமாரி.

போடி.

ஜனவரி 5

மத்தியானக் கனவு. வானத்திலிருந்து கருகிய தாள்கள் ஏரிமேல் இறங்குகின்றன. மெதுவாக, கொக்குகள் இறங்குவது மாதிரி. ஒவ்வொன்றிலும் ஒரு ராஜாவின் பெயர். தண்ணீரில் பட்டதும் பெயர் கரைகிறது. நான் கரையில் நின்று ஒவ்வொரு பெயரையும் சத்தமாகக் கூப்பிடுகிறேன், தபால் கொடுக்க வந்தவள்போல. எந்த ராஜாவும் வீட்டில் இல்லை.

கண் விழித்தபோது அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "யாரடி கூப்பிட்ட?" என்றாள்.

ஜனவரி 15

மாட்டுப்பொங்கல். தணிகாசலம் சார் வந்தார். வேளாங்கண்ணி அக்கா வீட்டு முருங்கைமரத்தடியில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே கூப்பிட்டார். அம்மா என்னை நாற்காலியோடு வாசலுக்கு இழுத்துவந்தாள்.

"பொங்கல் நல்லாச்சாம்மா அறிவு?"

"ஆச்சு சார். எறங்கி வாங்க, காபி குடிக்கலாம்."

"இருக்கட்டும்மா, இப்பத்தான் குடிச்சேன்." எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் அவர் இப்போதுதான் குடித்திருப்பார். "உன் லீவு பிப்ரவரி ஒம்பதோட முடியுது. பத்தாந்தேதி வந்து சேரணும். இல்ல, வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துடணும். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"லோகு எப்படி சார் பாக்கறான்?"

"பாக்கறான், பாக்கறான். ஜனங்களுக்கும் சவுகரியமா இருக்குது."

"எந்த ஜனங்களுக்கு?"

அவர் வண்டிக் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தார். "நீ படிச்ச பொண்ணு. வெளியூர்ல இதவிட நல்ல வேலை கெடைக்கும். அந்த வண்டி விஷயத்தக்கூட நீ பெருசுபடுத்தல. பெருந்தன்மையான பொண்ணுன்னுதான் எல்லாரும் பேசிக்கறாங்க."

"எந்த வண்டி சார்? சேறுதான?"

"அதான், அதான். சேறு."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஆமா சார், ஹாரன் அடிச்ச சேறு. இடிச்சிட்டு, திரும்பி வந்து பாத்துட்டுப் போன சேறு."

அவர் வண்டியைக் கிளப்பினார். முருங்கைப் பூக்கள் அவர் சட்டைமேல் உதிர்ந்திருந்தன. தட்டிவிடாமலே போனார்.

சரி, எழுதிவிடுகிறேன். பின்னால் ஹாரன் கேட்டது. ஓரமாகத்தான் போனேன். நான் ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே அந்தத் தெருவில் போவதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருந்தால் என் கால் இப்போது முழுசாக இருந்திருக்கும். விழுந்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. கன்னம் சேற்றில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் தெரு மிக நீளமாக, மிக அழகாக இருந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஆள். வேலாயுதம் வீட்டு ஜன்னலில் கம்பியைப் பிடித்த விரல்களைப் பார்த்தேன். கண்ணாடி வளையல். விரல்கள் கம்பியை விடவே இல்லை. கடைசியில் பால்வண்டிக்காரர்தான் என்னைத் தூக்கினார்.

சேறு என்று சொன்னதில் பெருந்தன்மை எதுவும் இல்லை. வேறு எதைச் சொன்னாலும் அழுதிருப்பேன். அவ்வளவுதான்.

ஜனவரி 29

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்து வெளுத்து, மெலிந்து, தோல் உரிந்த ஒரு கால் வந்தது. யாருடைய காலையோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று அம்மா சிரித்தாள். ஊன்றுகட்டையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் கொஞ்சம் நடந்தேன். நிலம் பஞ்சுபோல அமுங்கியது. தண்ணீர்க்காக்கைகள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு அசையாமல் நின்றன. வழியெல்லாம் வாய் தானாக முணுமுணுத்துக்கொண்டு வந்தது. என்னவென்று கவனித்தால், பெரிய தெரு வீடுகளின் பெயர்கள். வரிசை மாறாமல்.

கால் மறந்ததை வாய் மறக்கவில்லை. எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 3

ஷர்மிளா ஹாஸ்டலில் எனக்குக் கட்டில் பிடித்துவிட்டாள். ஜன்னலோரமாம். பெட்டியில் துணி எடுத்து வைத்தேன்.

அம்மா கொட்டகையிலிருந்து சேதியோடு வந்தாள். சாருமதி மறுபடி புத்தகம் கேட்டு எழுதியிருக்கிறாளாம். அந்தக் கடிதத்தை அம்மாதான் ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுபோய் டவுனில் பெட்டியில் போட்டிருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். இந்த முறை ரிஜிஸ்டரில் வருகிறதாம். அடுத்த வாரம் வந்துவிடுமாம். அது தணிகாசலம் சார் மேஜைக்குப் போனால் நேராக மாமனார் கைக்குப் போகும்.

"நீ பத்தாந்தேதி வருவியான்னு கேக்குது. பைய மறுபடி மாட்டச் சொல்றேன்னுது."

"மாட்டச் சொல்றாளா!"

"கத்தாத. நான் ஒண்ணும் உன்னப் போவச் சொல்லல. மெட்ராசுக்கே போ. இந்த வீட்டுல ஒருத்தி சாணி அள்றது போதும்."

துணியை மடித்தேன், பிரித்தேன், மடித்தேன். பிறகு சொன்னேன்.

"அவகிட்ட இதச் சொல்லு. நான் வந்தாலும் பையில போடமாட்டேன். யாருக்கும் போடமாட்டேன். கேட்டாண்ட வந்து, என் போன்ல கையெழுத்து போட்டு, என் கையிலருந்து வாங்கணும்."

"அது எப்படிடி வாங்கும்? கொன்னு போட்டுடுவாங்க."

"அப்ப எனக்கு எதுக்குச் சேதி அனுப்பறா?"

பிப்ரவரி 5

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"வாசல்ல கோலம் போட்டுக்கினு இருந்துச்சி. போட்டத அழிச்சிட்டு மறுபடி போட்டுச்சி."

பிப்ரவரி 8

காலையில் மதகுப் பக்கம் ஹாரன். வேளாங்கண்ணி அக்கா குளித்த ஈரத்தோடு ஓடினாள். லோகு அவள் வருவதைப் பார்த்துக்கொண்டே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். பனியில் அவன் முதுகு கரைந்தது. அக்கா கரையில் நின்று பனியைத் திட்டினாள். பனி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டது.

நான் பெட்டியின்மேல் உட்கார்ந்து யோசித்தேன். நான் போய்விட்டால் பைகளே தேவைப்படாது. சண்டை போட்டு ஜெயித்த மாதிரிகூட அவர்களுக்கு இருக்காது. நான் வந்ததே இல்லை என்பதுபோல இருக்கும். இரண்டு வருஷம் ஒரு கனவாகப் போய்விடும், அவர்களுடைய கனவாக. கண்ணைக் கசக்கிவிட்டு எழுந்து மோர் குடிப்பார்கள்.

ஷர்மிளாவுக்குப் போன் செய்து வரவில்லை என்றேன்.

"லூசாடி நீ? மறுபடி அந்தத் தெருவுக்கா?"

"ஆமா."

"எவளுக்காக?"

யாருக்காகவும் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. வைத்துவிட்டாள். ஜன்னலோரக் கட்டிலை நினைத்துக் கொஞ்சநேரம் வருத்தமாக இருந்தது.

பிப்ரவரி 10

போனேன். செய்தி எனக்கு முன்னாலேயே போய்விட்டது. பெரிய தெரு முழுக்கப் பைகள் மறுபடி தொங்கின. சில வீடுகளில் புதுப் பை. தை மாதக் கல்யாணங்கள்.

தணிகாசலம் சார் ஜன்னல் வழியாகத் தபால் கட்டை நீட்டினார்.

"பெரிய தெரு ரிஜிஸ்டரும் குடுங்க சார்."

"அது வழக்கமா இங்கயே வந்து..."

"அந்த வழக்கம் எனக்கு வேணாம் சார். கொண்டுபோய்க் குடுக்கறதுதான் என் வேலை. முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிக் குடுங்க, டவுன் ஆபீசுக்கு அனுப்பறேன். கூடவே சேத்தப் பத்தியும் ரெண்டு வரி எழுதறேன்."

அவர் வெகுநேரம் என் காலைப் பார்த்தார். பிறகு எடுத்துக் கொடுத்தார்.

முதல் வீட்டில் மணி அடித்தேன். உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல், "பையில போட்டுட்டுப் போயேம்மா, எதுக்கு மணி?"

"இது தேங்காப் பைங்க. கையில வாங்கிக்கங்க."

"வேணாம்னா?"

"வேணாம்னு சொல்லிடுங்க, திருப்பி அனுப்பிடறேன். இன்சூரன்ஸ் தபாலு."

அவர் வந்தார். செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்து இழுத்துக்கொண்டார். மற்ற வீடுகளில் கதவே திறக்கவில்லை. தபாலைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். தெருமுனையில் நாலு பேர் வண்டிகள்மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஹாரன் கேட்கும் என்று முதுகு எதிர்பார்த்தது. கேட்கவில்லை. இன்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு காலனிக்குள் போய் வேளாங்கண்ணி அக்காவுக்கு அவள் கார்டு பற்றி பாங்கிலிருந்து வந்த கடிதத்தைக் கொடுத்தேன். "எவ இவ, தபால் ஆபீசுக்காரி மாதிரி இருக்கா" என்றாள்.

பிப்ரவரி 12

சாருமதியின் கட்டு வந்துவிட்டது. கனம். மணி அடித்தேன். மாமியாரின் குரல்.

"பையில போடு."

"ரிஜிஸ்டருங்க. சாருமதிதான் கையெழுத்து போடணும்."

"அவ ஊருக்குப் போயிருக்கா."

ஜன்னல் கம்பியில் விரல்கள் இருந்தன. கண்ணாடி வளையல். நான் விரல்களைப் பார்த்தேன். அவை கம்பியை விடவில்லை. கட்டைத் திருப்பிக் கொண்டுவந்தேன். சில நாள் வரை கையில் வைத்திருக்கலாம், பிறகு அனுப்பியவர்களுக்கே போய்விடும்.

கால் வீங்கியிருந்தது. அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள்.

பிப்ரவரி 13

பனி இன்று எழவே இல்லை. வேலாயுதம் வீட்டுக் கேட்டும் பையும் எனக்கு ஒரு அடி தூரத்தில்தான் தெரிந்தன. மணி அடித்தேன்.

"தினமும் வந்து உயிரெடுக்கறியா?" மாமியார். "பையில போடுன்னு சொன்னா..."

"சாருமதி!" என்று கூப்பிட்டேன். அம்மா சொல்வதுபோலச் சொல்லவில்லை. கவரில் எழுதியிருப்பதுபோல, பெயரை மட்டும். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

பனிக்குள் ஒரு தாழ்ப்பாள் சத்தம். பிறகு ஒரு சேலை, ஒரு கை, ஒரு முகம் என்று துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. முழு முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன். மூக்கின்மேல் சின்னதாக ஒரு அம்மைத் தழும்பு. பயத்தில் உதடு வெளுத்திருந்தது.

போனை நீட்டினேன். "இங்க விரலால போடுங்க."

விரல் ஈரமாக இருந்தது. போன் ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டாள். பெயரை முழுசாக எழுதினாள், நிதானமாக, பரீட்சையில் எழுதுவதுபோல. புத்தகக் கட்டை நீட்டினேன். கனம் தெரியாமல் ஒரு கையால் வாங்கப் பார்த்தாள், சரிந்தது. நான் விடவில்லை. அவள் இன்னொரு கையும் கொடுத்தாள். ஒரு நிமிஷம் அது எங்கள் நாலு கைகளிலும் இருந்தது.

"ஐயோ, கையில வாங்கிட்டாளா!" உள்ளேயிருந்து மாமியார் அலறினாள். "சாரு! அப்படியே பின்பக்கமாப் போ. தலைக்குத் தண்ணி ஊத்திக்கினுதான் உள்ள வரணும்."

அவள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள்.

"காலையிலயே குளிச்சிட்டேன் அத்தே" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. முன்வாசல் வழியாகவே உள்ளே போனாள்.

நான் அடுத்த வீட்டு மணியை அடித்தேன்.